செத்த கழுகை அறுத்தது யார்?

உயிரியல், மருத்துவம், சுற்றுச்சூழல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்று ஒரே பல்லவிதான். மனிதர், கால்நடை, காட்டுயிர் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஆகையால் மருத்துவர், கால்நடை மருத்துவர், சூழலியலாளர், சமூகவியலாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால் விடை பிறந்துவிடும். இதுவரை பிறக்காததற்குக் காரணம் துறைகளுக்கு நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவர்கள். இந்தக் கொள்கைக்கு ‘ஒன் ஹெல்த்’ என்று பெயர். உலக சுகாதார நிறுவனமும், உணவு வேளாண்மை நிறுவனமும், உலக விலங்கு நல நிறுவனமும் நடத்திவந்த கூட்டணியில் 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டில் 2021 அக்டோபரில் உயிரித் தொழில்நுட்பத் துறை 27 அமைப்புகளை இணைத்து ஒரு ஒன் ஹெல்த் கூட்டமைப்பைத் தொடங்கியது. மறு ஆண்டு டிசம்பரில் நாக்பூரில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

பல்லவியின் முதல் அடியோடு எனக்குச் சண்டை இல்லை. மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்று, கழுகு போனதால் தெருநாய் பெருகி, நாய் கடித்து மனிதர் செத்த நாட்டில் அதை மறுக்க முடியாது. அங்கிருந்து இரண்டாம் அடிக்குத் தாவுகிறார்களே, அதில்தான் இடறுகிறது. நோய்கள் பின்னிக் கிடப்பதால் ஆய்வாளர்களும் பின்னிக் கிடக்க வேண்டும் என்பது எந்த ஊர்த் தர்க்கம்? கூட்டாய்வு என்பது ஒரு கேள்வி முற்றிய பிறகு தானாக நேர்வது. அதை முதலிலேயே கட்டடமாகவும் திட்டமாகவும் எழுப்பப் போனால், கேள்வியை முற்றச் செய்யும் வேலைகள் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கின்றன என்பதுதான் என் வழக்கு.

மறுதரப்பு வழக்கமாக அழைத்து வரும் சாட்சியையே நானும் அழைக்கிறேன்: பாறு என்று நம் பறவை ஆர்வலர்கள் சொல்லும் பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவு. பல்துறைக் கூட்டாய்வின் வெற்றிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நடந்தது என்ன என்று நிதானமாகப் பார்ப்போம்.

1980களில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது எண்ணப்பட்ட வெண்முதுகுப் பாறுக் கூடுகள் மட்டும் 350க்கு மேல். வட இந்தியாவில் அன்று பாறுவை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், அத்தனை சாதாரணம். உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான் இருக்கும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பறவையின் கூட்டைப் போய் எதற்கு எண்ணுகிறீர்கள் என்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால், அந்தக் குழுவைத் திருப்திப்படுத்தும் பதில் எதுவும் இருந்திருக்காது. எந்த இயக்கத்தின் இலக்கிலும் அது இல்லை, எந்த நோயோடும் அதற்குத் தொடர்பு இல்லை.

1990களின் நடுவில் மறுபடி எண்ணியபோது பாதிக்கும் மேற்பட்ட கூடுகளைக் காணோம். உயிரோடு இருந்தவற்றில் பல, கழுத்து தொங்கிப்போய் மணிக்கணக்கில் கிளையில் உட்கார்ந்திருந்தன. கிளைகளுக்கிடையே சடலங்கள் சிக்கிக் கிடந்தன. 1999இல் விபு பிரகாஷ் இதை எழுதியபோது பறவையியல் உலகம் விழித்துக்கொண்டது. விழிக்க வைத்தது பத்தாண்டுக்கு முந்தைய அந்த ‘பயனற்ற’ எண்ணிக்கை. அது இல்லாவிட்டால், முன்பெல்லாம் நிறைய வரும் என்ற ஊர்ப்பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஊர்ப்பேச்சை வைத்து எந்த அரசையும் அசைக்க முடியாது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வீழ்ந்தது என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இரண்டு இனங்களில் நூற்றுக்கு மூன்றே மிஞ்சின.

காரணம் என்ன? இந்தியாவில் இதைத் தேடிய குழுவில் துறைகளுக்குப் பஞ்சமே இல்லை. பம்பாய்க் கழகத்தின் பறவையியலாளர்கள், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம், லண்டன் விலங்கியல் கழகத்தின் நோயியல் வல்லுநர்கள் என்று, இன்றைய ஒன் ஹெல்த் விண்ணப்பம் ஒன்றில் எழுதினால் நிதிக்குழு மகிழ்ந்துபோகும் அளவுக்குப் பல்துறை. அவர்கள் சந்தேகப்பட்டது ஒரு தொற்றுநோயை. 2003இல் அந்தச் சந்தேகத்தைக் கேள்விக்குறியோடு தலைப்பாகவே வைத்து ஒரு கட்டுரையும் வந்தது. சந்தேகத்தில் பிழையில்லை. குறிப்பிட்ட ஒரு பேரினம் மட்டும், ஒரு துணைக்கண்டம் முழுக்க, இந்த வேகத்தில் சாகிறது என்றால் யாருக்கும் வைரஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: துறைகள் பல கூடியிருந்தன, விடை கூடிவரவில்லை. அவர்களைத் தடுத்தது ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாதது அன்று. பாதுகாக்கப்பட்ட பறவையின் சடலத்தைத் தொட அனுமதி வேண்டும், திசு மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும், அனுமதி வருவதற்குள் சடலம் அழுகிவிடும்.

விடை எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பும் பாகிஸ்தான் பறவையியல் சங்கமும் அங்கே 2000இல் வேலையைத் தொடங்கின. நோயைத் துப்பறிந்தவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நுண்ணுயிரியலாளர் லிண்ட்சே ஓக்ஸ். அவர் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது. மூன்றாண்டுகளில் 259 பாறுச் சடலங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 219இன் உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம். சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே படிந்துபோன அடையாளம் அது. சிறுநீரகம் எதனால் கெட்டது? வைரஸ்களைத் தேடினார், இல்லை. பாக்டீரியா, இல்லை. காட்மியம், ஈயம், பாதரசம், பூச்சிக்கொல்லி, எதுவும் இல்லை. இந்த ‘இல்லை’கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாதக்கணக்கான ஆய்வுக்கூட வேலை இருக்கிறது. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அறிக்கையை முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓக்ஸ் ஒரு கால்நடை மருத்துவருக்கே தோன்றக்கூடிய திசையில் யோசித்தார். பாறு தின்பது செத்த மாடு, எருமை. அப்படியானால் சாவதற்கு முன் அந்த மாட்டுக்கு என்ன கொடுத்தார்கள்? வாய்வழியாக உடம்பில் ஏறக்கூடியது, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது, அண்மையில் சந்தைக்கு வந்தது என்று எதுவும் இருக்கிறதா? கால்நடை மருந்துக் கடைகளிலும் மற்ற மருந்துக் கடைகளிலும் போய் விசாரித்தார்கள்.  அத்தனையிலும் ஒரு மருந்து விற்றது: டைக்ளோஃபெனாக். நம் முழங்கால் வலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி, மலிவு விலையில், மாட்டுக்கு. உறைய வைத்திருந்த திசுக்களை வெளியே எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பறவைகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. மருந்து ஏற்றிய எருமை, ஆட்டு இறைச்சியைக் கூண்டுப் பறவைகளுக்குக் கொடுத்தபோது அவையும் அதே வெள்ளைப் படலத்தோடு செத்தன. 2004இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

இதுவும் கூட்டு முயற்சிதானே என்று மறுதரப்பு இந்த இடத்தில் எழுந்து நிற்கும். கட்டுரையில் பல பெயர்கள் இருக்கின்றனவே; களத்தில் சடலம் பொறுக்கிய பறவையியலாளர்கள் இல்லாமல் ஓக்ஸ் எதை அறுத்திருப்பார்? சரியான கேள்வி. கூடாது என்று நான் சொல்லவே இல்லையே. அங்கே சேர்ந்தவர்கள் ஒரு செத்த பறவையைச் சுற்றிச் சேர்ந்தார்கள். பறவையியலாளர் பறவையியலையே செய்தார், நோயியலாளர் நோயியலையே செய்தார். ஒருவர் மற்றவர் துறையைக் கற்றுக்கொண்டு ‘பல்துறைப் பார்வை’ பெறவில்லை. இந்தியக் குழுவிலும் இதே துறைகள் இருந்தன. வேறுபாடு துறைகளின் எண்ணிக்கையில் இல்லை. புதிய சடலம் கைக்கு வந்ததும், ‘தெரியவில்லை’யோடு நிற்காமல் ஒருவர் கடைசி வரை போனதும், கடைக்காரரிடம் போய்க் கேட்டதும்தான் வேறுபாடு. காரணம் தெரிந்தவுடன் இந்தியக் குழுவும் அதே ஆண்டிலேயே தன் மாதிரிகளைச் சோதித்து, இங்கும் நேபாளத்திலும் அதே மருந்துதான் கொல்கிறது என்று உறுதி செய்தது. ஆக, அந்த மாதிரிகளில் விடை ஏற்கெனவே இருந்திருக்கிறது. எதைத் தேடுவது என்பது மட்டும் தெரியவில்லை.

பிறகு வந்தவர்களும் தத்தம் முறை வந்தபோது வந்தார்கள். எல்லா மாட்டுக்குமா இந்த ஊசி போடுகிறார்கள், இவ்வளவு பெரிய அழிவுக்கு அது போதுமா என்று சந்தேகம் எழுந்தது. அதற்கு விலங்கியல் கணக்குப் போடத் தெரிந்த ரீஸ் கிரீன் பதில் சொன்னார்: 760 சடலங்களில் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை கொல்லும் அளவு மருந்து இருந்தாலே போதும். ஒரு சடலத்தைப் பல பாறுகள் சேர்ந்து தின்கின்றன, வருடம் முழுக்கத் தின்கின்றன. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினால் விவசாயிக்கு மாற்று என்ன என்ற கேள்வி வந்ததும், உலகெங்கும் உயிரியல் பூங்கா மருத்துவர்களிடம் எந்த வலிநிவாரணி கொடுத்த பறவைகள் பிழைத்தன என்று விசாரித்தார்கள். மெலாக்ஸிகாம் என்று தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் மருந்தியலாளர் ஜெர்ரி ஸ்வான் தலைமையில் அதைப் பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். இவர்கள் எல்லோரையும் 1998இல் ஒரு மையத்தில் உட்கார வைத்து மாதம் ஒரு கூட்டம் நடத்தியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? மருந்தியலாளருக்கு அங்கே அன்று வேலையே இருந்திருக்காது. வைரஸைத் தேடும் கூட்டத்துக்கு வலிநிவாரணி வல்லுநரை யார் அழைப்பார்கள்?

எல்லாக் காயையும் ஒரே சட்டியில் கொட்டினால் கூட்டு ஆகிவிடாது; எது முதலில் வேக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டாய்வு விண்ணப்பங்கள் எப்படித் தயாராகின்றன என்பது ஆய்வுலகில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், எழுதத்தான் மாட்டார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ‘சமூக அறிவியலில் யாராவது ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று தொலைபேசி வரும். அவர் பெயரும் ஒரு பத்தியும் ஒட்டப்படும். நிதி வந்த பிறகு அவரவர் பங்கைப் பிரித்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பயிலரங்கில் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இதைச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. நிதி எந்த வாசல் வழியாக வருகிறதோ அந்த வாசலில்தானே நிற்க வேண்டும்! அந்த வாசலைத் திறந்து வைத்தவர்களிடம்தான் என் கேள்வி.

மறுதரப்பின் வலுவான சாட்சி ஒன்று புனேயில் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1952இல் அங்கே வைரஸ் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய வைரஸியல் நிறுவனம் அதுதான். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குப் போன மனிதர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று அச்சம். புனே மையத்தில் வைரஸியலாளர், பூச்சியியலாளர், விலங்கியலாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். விரைவிலேயே புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பரப்புவது உண்ணி என்றும், முக்கியமாக எந்த உண்ணி என்றும் கண்டறிந்தார்கள். வலசைப் பறவைகள் இந்த வைரஸை எங்கிருந்தோ தூக்கி வந்தனவா என்று பார்க்க சாலிம் அலியின் பறவை வளையமிடும் திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பணமும் வந்தது. கூரை வேலை செய்ததா? செய்தது.

ஆனால் அந்தக் கூரையின் கீழ் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். உண்ணியை நுண்ணோக்கியில் வைத்து அதன் இனத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் திறமை ஒரு பயிலரங்கில் வருவதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கூரை இன்றும் இருக்கிறது, இன்னும் பெரிதாகவும் வசதியாகவும் இருக்கிறது. நோயோ ஷிமோகாவைத் தாண்டி பந்திப்பூர், வயநாடு, கோவா என்று பரவியது, நீலகிரியிலும் தலைகாட்டியது. பல ஆண்டுகளாகப் போட்டுவந்த தடுப்பூசியைப் பலன் போதவில்லை என்று 2022இல் நிறுத்திவிட்டார்கள். அறுபத்தைந்து ஆண்டுகளாகக் குறைந்தது எது? கூரை குறையவில்லை. உண்ணியை அடையாளம் காணும் கண்களும், ஆண்டுதோறும் ஒரே காட்டுக்குப் போய் உண்ணி சேகரிக்கும் கால்களும் குறைந்தன. உயிரின வகைப்பாட்டியலைப் பழங்காலத் துறை என்று பல்கலைக்கழகங்கள் ஓரங்கட்டிய காலமும், கூட்டாய்வு என்ற சொல் ஓங்கிய காலமும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இலங்கைக்குப் போனால் இதன் மறுபக்கம் தெரியும். 1990களின் நடுவிலிருந்து வட மத்திய மாகாணத்திலும், வவுனியா வரையிலான வறண்ட நிலப்பகுதிகளிலும் விவசாயிகளைக் கொன்றுவரும் காரணம் தெரியாத சிறுநீரக நோய். நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, சிறுநீரகம் மட்டும் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கையின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் சேர்ந்து பெரிய கூட்டாய்வு நடத்தி 2013இல் வெளியிட்டன. காட்மியம் என்றார்கள், ஆர்சனிக் என்றார்கள், கடின நீர், ஃபுளோரைடு, வெப்பத்தில் உடல் வறளுதல், கிளைஃபோசேட் களைக்கொல்லி என்று வரிசை நீண்டது. வேதியியலாளருக்கு உலோகம் தெரிந்தது, மண்ணியலாளருக்கு நீர் தெரிந்தது, வேளாண் ஆய்வாளருக்குக் களைக்கொல்லி தெரிந்தது. 2015இல் அரசு கிளைஃபோசேட்டைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. காரணம் இன்றும் தீர்மானமாகவில்லை. நோயாளி என்று யாரைக் கணக்கில் கொள்வது என்பதற்கே நெடுங்காலம் எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை இருக்கவில்லை. ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியவில்லை. சலிப்பான அடிப்படை வேலை அது. அதைச் செய்யாமல் எத்தனை துறைகளைக் கூட்டினாலும் சந்தேக நபர்களின் பட்டியல்தான் நீளும்.

மறுதரப்பிடம் ஒரு புள்ளிவிவரமும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுமத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை 2016இல் அலசிப் பார்த்தார்கள். ஒரு விண்ணப்பம் எவ்வளவுக்கு எவ்வளவு பல துறைகளைத் தழுவியதோ, அவ்வளவுக்கு அது நிதி பெறும் வாய்ப்பு குறைந்தது. இது உண்மை, ஏற்கிறேன். துறை எல்லையில் நிற்கும் நல்ல கேள்வியை இரு பக்கத்து மதிப்பீட்டாளர்களும் தள்ளிவிடுவது அநியாயம்தான். அந்த அநியாயத்துக்கு மருந்து, மதிப்பீட்டாளர்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. பல்துறை என்று நெற்றியில் எழுதியவற்றுக்கென்று தனிக் கஜானா திறப்பது அநியாயத்தைத் திருப்பிப் போடுவது. எல்லோரும் நெற்றியில் எழுதிக்கொள்ளக் கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பொருளியலாளர்களின் கட்டுரையும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் எழுதியது. பாறுகள் வாழத்தக்க மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் எடுத்து, டைக்ளோஃபெனாக் மலிவானதற்கு முன்னும் பின்னும் மனித இறப்பு எப்படி மாறியது என்று ஒப்பிட்டார்கள். பாறு மறைந்த இடங்களில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். படித்தவர் தூக்கம் கெடும் கணக்கு. பார்த்தீர்களா, துறை கடந்தால் என்னவெல்லாம் தெரிகிறது என்கிறார்கள். துறை கடக்கவில்லை ஐயா, இருவரும் பொருளியலையே செய்தார்கள். பாறு எங்கே வாழும் என்ற வரைபடத்தைப் பறவையியலாளர்கள் எப்போதோ வரைந்து வைத்திருந்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவேட்டை அரசு ஊழியர்கள் எப்போதோ நிரப்பி வைத்திருந்தார்கள். பொதுவெளியில் கிடந்த அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்த மையமும் வேண்டியிருக்கவில்லை, புரிந்துணர்வு ஒப்பந்தமும் வேண்டியிருக்கவில்லை.

இனி, எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது. சுவர் துறைகளுக்கு நடுவே இருக்கிறது என்று சொல்வது ஆட்சியாளருக்கு மிக வசதியான கதை. பாறு விஷயத்தில் 2004இல் காரணம் தெரிந்துவிட்டது, 2006இல் மாற்று மருந்தும் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பைத் தடுக்க இந்திய அரசு உத்தரவிட்டது. உடனே என்ன நடந்தது? மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசிமருந்து 30 மில்லி புட்டியில் வந்து குவிந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி எந்த மனிதருக்கு? மாட்டுக்கு என்று புட்டியில் எழுதவில்லை, அவ்வளவுதான். மனிதருக்கான புட்டி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஆணை 2015இல்தான் வந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. கீட்டோப்ரோஃபென் பாறுவைக் கொல்லும் என்பது 2009 வாக்கிலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. பங்களாதேஷ் 2021இல் தடை செய்தது. நாம் 2023 ஜூலையில் செய்தோம். மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்குக்கும் அன்றுதான் தடை வந்தது. நிமெசுலைடுக்கு 2024 முடியும்போது.

இந்தக் கால அட்டவணையில் ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளாததால் தாமதமான ஆண்டு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பறவையியலாளரும் மருந்தியலாளரும் நோயியலாளரும் ஒரே குரலில் சொல்லி முடித்துப் பதினான்கு ஆண்டு கழித்துக் கீட்டோப்ரோஃபென் போனது. சுவர், சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டாளருக்கும் நடுவே இருந்தது; கோப்புகளுக்கு நடுவே இருந்தது. அதை இடிக்க ஆய்வு மையம் உதவாது. கோப்பு நகராததற்குப் பரிகாரமாக இன்னொரு ஆய்வுத் திட்டம் அறிவிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது: முடிவெடுக்க வேண்டியவர், இன்னும் ஆராய வேண்டும் என்று சொல்லி விலகிக்கொள்ளலாம்.

நாய்க்கடியிலும் இதே கதை. கடிபட்டவரைச் சுகாதாரத் துறை கணக்கெடுக்கிறது, மாட்டை நாய் கடித்தால் கால்நடைத் துறை பார்க்கிறது, நாய்க்குக் கருத்தடை செய்வது நகராட்சி. மூன்று பதிவேடும் சந்திப்பதில்லை என்று கவலைப்படுபவர்கள் சொல்வது சரி. மூன்று பதிவேட்டையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர ஒரு மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கை போதும். அதற்கு அறிவியல் கூட்டமைப்பு என்று பெயர் வைப்பது எதற்கு?

பணத்தை வேறு எங்கே போடுவது என்று கேட்பீர்கள். முதலில் எண்ணுபவர்களுக்கு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் பாறுக் கணக்கெடுப்பு நடத்தத் தொடங்கியிருக்கின்றன. 2023 டிசம்பரில் 320 பாறுகள் என்று கணித்தார்கள். மாயாறு பள்ளத்தாக்கும் முதுமலையும் இதில் முக்கியமான இடங்கள். இந்தக் கணக்கெடுப்பு இருபது ஆண்டு தொடர்ந்து, ஒரே முறையில், ஆட்சி மாறினாலும் நிற்காமல் நடக்க வேண்டும். அதற்கு நிலையான சம்பளத்தில் ஆட்கள் வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தில் ஒப்பந்த ஊழியராக வருபவர் நான்காம் ஆண்டு இருக்க மாட்டார். அடுத்து, அறுப்பவர்களுக்கு. செத்துக் கிடக்கும் காட்டு விலங்கையும் பறவையையும் சில மணி நேரத்துக்குள் பரிசோதிக்கக் கூடிய கால்நடை நோயியலாளர், திசுவை உறைய வைக்கக் குளிர்பெட்டி, நச்சுப் பொருளைக் கண்டறியும் ஆய்வுக்கூடம், சடலத்தைத் தொட அன்றே கிடைக்கும் அனுமதி. ஓக்ஸ் வென்றது பல ஆண்டு திசுவை உறைநிலையில் வைத்திருந்ததால். சந்தேகம் பிறந்த பிறகு பழைய பறவையிடம் திரும்பிப் போய்க் கேட்க முடிந்தது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸைக் கண்டறிந்ததும் இப்படித்தான். ஒரே குடும்பத்தில் இரண்டாவதாக ஒருவர் அதே மூளைக்காய்ச்சல் குறிகளோடு வந்ததைச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கவனித்தார்கள். மணிப்பாலில் காய்ச்சல் நோயாளிகளின் மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்துவந்த ஆய்வுக்கூடம் இருந்தது. 17 பேர் இறந்தார்கள். தாமதித்திருந்தால் எத்தனை பேரோ. தன் தொழிலைக் கூர்மையாகத் தெரிந்துவைத்திருந்த இரண்டு தரப்பு, நடுவே ஒரு மாதிரிக் குழாய்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய பணமும் வேண்டாம். கால்நடைக்கான புதிய வலிநிவாரணி எதுவும் சந்தைக்கு வருமுன் பாறுவுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்க வேண்டும் என்று 2020–2025க்கான தேசியப் பாறுப் பாதுகாப்புச் செயல்திட்டமே சொல்லியது. அது முன்பே நடைமுறையில் இருந்திருந்தால் நிமெசுலைடு விஷயத்தில் பறவைகள் சாகும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. ஃப்ளுனிக்ஸின் மீதும் சந்தேகம் உண்டு. ஸ்பெயினில் ஒரு பாறு அதனால் இறந்தது பதிவாகியிருக்கிறது. சோதிப்பதற்கு வேண்டியவை இங்கேயே இருக்கின்றன. பிஞ்சோர் இனப்பெருக்க மையத்தில் கூண்டுப் பறவைகள் உண்டு, இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் மருந்தியலாளர்கள் உண்டு. டோல்ஃபெனமிக் அமிலத்தைக் கூண்டுப் பாறுகளிடம் சோதித்துப் பாதுகாப்பானது என்று இங்கேயே காட்டியும் இருக்கிறார்கள். இல்லாதது, மருந்துக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி ‘பாறுச் சோதனை முடிவு எங்கே?’ என்று கேட்பதைக் கட்டாயமாக்கும் ஒரு விதி. நாக்பூரில் கட்டடம் எழும்பட்டும். அந்த விதியை எழுத அது எழும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.